பனைக்கு ஊற்றிய தண்ணீர்

பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மன்னார்த் தீவில் பிறந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். கொட்டையைப் போட்டுவிட்டுப் போனால் போதும். அது தன்பாட்டில் முளைத்து, நட்டவர் செத்த பிறகும் நிற்கும். ஆனால் என் அம்மா ஊற்றினார். தெற்குக் கரையிலிருந்த எங்கள் காணிக்கு ஓலை பொறுக்கப் போகும்போதெல்லாம் ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுபோவார். திரும்பி வரும்போது போத்தல் வெறுமையாக இருக்கும். வழியில் குடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நான்கு பனைகள் நெருக்கமாக நின்ற இடத்தில், ஒன்றின் அடியில் மட்டும் குந்தியிருந்து, போத்தலைச் சரித்து மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பனைக்கு ஏனம்மா தண்ணி?" என்று கேட்டேன்.

"வெயில்தானே. அதுக்கும் விடாய்க்கும்."

எனக்கு அப்போது எட்டு வயது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி ஒரு கிழமை முழுவதும் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். இருப்பதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிப் பெயர் வாங்கும் வியாதி எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. குசினியில் தண்ணீர்க் குடம் எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். ஒரு கோப்பை தண்ணீர் எடுத்தாலும் அந்த ஒரு கோப்பையை மீண்டும் நிரப்ப வேண்டும். கிணறு கிட்டவும் இல்லை. மற்றப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, நான் அரைக் குடத்தை நிரப்பப் போய்க்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு விசர் என்று நான் முகத்துக்கு நேரே சொன்னதுண்டு. அதற்கெல்லாம் அவர் கோபித்ததில்லை.

என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் அம்மா சொன்னார். எனக்கு முன்னால் ஒருவன் பிறந்திருக்கிறான். மாதம் நிறையாத பிள்ளை. அப்பா அரிப்பு என்ற ஊர்ப் பக்கம் கடல் தொழிலுக்குப் போயிருந்தார். பிள்ளை நீலம் பாரித்திருப்பதைக் கண்டவுடன் மருத்துவிச்சி தண்ணீருக்குக் கை நீட்டினாளாம். பிழைக்காது என்று தெரிந்த பிள்ளைக்குப் பங்குச் சுவாமி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் எவரும் தலையில் தண்ணீர் ஊற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னால் அதுவே ஞானஸ்நானம். எங்கள் ஊரில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் குடம் வெறுமை. காலையில் நிரப்ப வேண்டிய அம்மா வலியில் கிடந்திருக்கிறார். மருத்துவிச்சி கிணற்றடிக்கு ஓடினாள். அவள் போய்த் திரும்பி வர எடுத்த நேரம்தான் என் அண்ணன் இந்த உலகத்தில் இருந்த நேரம்.

பங்குச் சுவாமி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "தண்ணி ஊத்தினதோ?"

"இல்லை," என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

"ஓம் எண்டு சொல்லியிருக்கலாம், பிள்ளை," என்றார் என்னிடம். "ஆர் வந்து பாக்கப்போகினம்? மருத்துவிச்சியும் வாய் திறந்திருக்க மாட்டா. ஆனா அவர் என்ர முகத்தைப் பாத்துக் கேட்டார். எனக்குப் பொய் வரேல்லை."

அந்த நாளைய சட்டம் அப்படி. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கோயில் கல்லறைகள் இருக்கும் சேமக்காலையில் இடமில்லை. வேலிக்கு வெளியே, தூக்குப் போட்டுச் செத்தவர்களைப் புதைக்கும் இடத்தில் புதைக்கச் சொல்லிவிட்டுச் சுவாமி போய்விட்டார். அப்பா வந்து சேர்ந்தார். பிள்ளையைத் துணியில் சுற்றி ஒரு பனையோலைக் கடகத்தில் வைத்து, ஊர் உறங்கும் மத்தியான வெயிலில் எங்கள் காணிக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார். சுற்றி நான்கு பனங்கொட்டைகளைப் போட்டார். வேலிக்கு வெளியே புதைத்துவிட்டதாக ஊருக்குச் சொன்னார்கள்.

"நீ ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை," என்றார் அம்மா. "தெரிஞ்சா கிண்டி எடுத்துக்கொண்டுபோய் வேலிக்கு அங்கால போடுவினம்."

அம்மா தண்ணீர் ஊற்றியது தலைமாட்டுப் பனைக்கு.

பிறகு சண்டை வந்தது. ஊரைவிட்டு ஓடி, பல இடம் அலைந்து, பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தோம். அப்பா அந்த அலைச்சலிலேயே போய்விட்டார். காணி இருந்தது, பனைகள் இல்லை. பதுங்குகுழிக்கு மேலே அடுக்க, பங்கருக்குத் தறித்திருந்தார்கள். யார் தறித்தது என்று கேட்பதில் பயனில்லை. பங்கர் வைத்திருந்த எல்லோரும்தான் தறித்தார்கள். உடைமுள் பற்றையும் மணலுமாகக் கிடந்த வெளியில் அம்மா காலால் தடவித் தடவி நடந்தார். கடைசியில் ஓரிடத்தில் நின்று, "இந்தா," என்றார். கறையான் தின்ற ஒரு அடிக்கட்டை, மணலோடு மணலாக. தலைமாட்டுப் பனை அதுதான் என்றார். அன்றைக்கே போத்தலோடு திரும்பி வந்தார்.

அந்தக் காலத்தில்தான் மண்ணுக்குப் பெறுமதி வந்தது. எங்கள் கரையில் மழைக்காலம் முடிந்தால் அலை ஒதுக்கிய கறுப்பு மணல் வரிவரியாகக் கிடக்கும். சின்ன வயதில் உடைந்த றேடியோவின் காந்தத்தைக் கட்டி இழுத்து அதில் விளையாடியிருக்கிறோம். அதன் பெயர் இல்மனைற் என்றும், தீவு முழுக்க நிலத்துக்கடியில் அது கிடக்கிறது என்றும், அதிலிருந்து வெள்ளைப் பெயின்ற் செய்வார்கள் என்றும் ஒரு கொம்பனி வந்து சொன்னது. கறுப்பு மண்ணிலிருந்து வெள்ளைப் பெயின்ற்! எங்கள் கோயில் சுவருக்கு அடிக்கிற வெள்ளையும் இப்படித்தான் எங்கிருந்தோ யாருடைய காணியையோ கிண்டி வந்ததாக இருக்கும்.

முதலில் துளைபோட்டுப் பார்ப்பார்களாம், அவ்வளவுதானாம். அதற்குச் சம்மதப் பத்திரம். வந்தவர்களுக்குச் சனத்தின் பேச்சு விளங்கவில்லை, சனத்துக்கு அவர்களுடைய பத்திரம் விளங்கவில்லை. எனவே கோயில் உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நல்ல மனிதர். வீடு வீடாக வந்து கதிரையில் இருந்து, ஒவ்வொரு கேள்வியையும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நான் ரீச்சர் என்பதால் எங்கள் பத்திரத்தை நானே நிரப்பினேன். உறுதி இலக்கம், எல்லை, உரித்துக்காரர். பிறகு ஒரு கேள்வி: இந்தக் காணியில் ஆலயம், அடக்கத்தலம், வேறு புனித இடம் ஏதும் உண்டா?

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா உபதேசியாரைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைப் பொக்கற்றில் செபமாலை தொங்க, சிரித்த முகத்தோடு அந்த மனிதர் இருந்தார். கோயில் வந்து நேருக்கு நேர் கேட்கிறது.

"இல்லை," என்றார் அம்மா.

அவர் சொன்னதைக்கூட மன்னிக்கலாம். அன்று சுவாமியிடம் வராத பொய்யை, கோயில் மீண்டும் கேட்டால் சொல்ல, அரை நூற்றாண்டாக அவர் தன்னைத் தயார்படுத்தி வைத்திருந்தார். நான் என்ன செய்தேன்? எனக்கு எல்லாம் தெரியும். பேனை என் கையில். உபதேசியார் முன்னால் எங்கள் வீட்டுச் சங்கதி வெளியே வரக்கூடாது என்று எனக்கும் பட்டது. "இல்லை" என்று வடிவான எழுத்தில் எழுதி, அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே சாட்சியாக என் கையெழுத்தையும் வைத்தேன்.

கிழமை கழியவில்லை, வந்துவிட்டார்கள். பற்றையை வெட்டினார்கள், நூல் பிடித்தார்கள், நேர்கோட்டில் துளை போட்டார்கள். இரும்புக் குழாயை மணலுக்குள் இறக்கி, வந்த மண்ணைப் பையில் கட்டினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்துவிட்டது. துளையை மூடி, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டி இலக்கம் எழுதிய ஒரு கட்டையை அடித்திருந்தார்கள். அம்மா நேராக ஒரு கட்டையிடம் போனார். பனையின் அடிக்கட்டையைத் தோண்டி அங்காலே எறிந்துவிட்டு, அந்தக் குழியிலேயே தங்கள் கட்டையை அடித்திருந்தார்கள்.

அம்மா சத்தம் போட்டு அழவில்லை. "எவ்வளவு ஆழத்துக்கு விட்டிருப்பினம்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். அப்பா ஒற்றை மண்வெட்டியால் வெட்டிய குழியை விட எத்தனையோ மடங்கு ஆழம்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது. அம்மா அந்தக் கட்டைக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். அவருக்கு எழுத்துத் தடுமாறும், இலக்கம் நன்றாகத் தெரியும். கட்டையிலிருந்த இலக்கத்தைப் பாடமாக்கி வைத்துக்கொண்டார். பனை போய், அடிக்கட்டையும் போய், அந்த இடத்துக்கு மிஞ்சிய ஒரே அடையாளம் கொம்பனி அடித்த கட்டை. பதிவுப் புத்தகம் எதிலும் இல்லாத என் அண்ணனுக்காக யாரோ முதன்முதலில் எழுதி வைத்ததும் அந்த இலக்கம்தான்.

எனக்குக் கோபம் வந்தது. கொம்பனியில் கோபம், கோயிலில் கோபம், எல்லாவற்றையும் விட என்னில் கோபம். எனக்குக் கோபம் வந்தால் நான் கதை எழுதுவேன். எழுதினேன். கதையில் ஒரு தாய், அவளுடைய காணி, அதில் அவள் புதைத்த பிள்ளை. துளை போட வந்தவர்கள் முன்னால் போய் நின்று, "இங்க என்ர பிள்ளை கிடக்கு," என்கிறாள். அவர்கள் அடித்த கட்டையைப் பிடுங்கிக் கடலில் எறிகிறாள். ஞாயிற்றுப் பத்திரிகையில் அது வந்தது. கடிதங்கள் வந்தன. மண் எடுக்கக் கூடாது என்று கூட்டம் போட்டவர்கள் அதைப் படியெடுத்துக் கொடுத்தார்கள். பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

கொஞ்சக் காலத்தில், ஆட்சேபணை உள்ளவர்கள் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். நாங்களும் ஆட்சேபணை கொடுத்தோம். எங்களுக்கு உதவ ஒரு பெண் சட்டத்தரணி வந்திருந்தார். வெளி விறாந்தையில் காத்திருந்தபோது அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளைப் பற்றி அம்மாவுக்குச் சொன்னார். அங்கேயும் சுரங்கக்காரர்கள் வருவார்களாம். அங்கே பெண்களுக்கு மட்டும் தெரிந்த புனித இடங்கள் உண்டாம். காப்பாற்ற வேண்டுமென்றால் எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும், சொன்னால் அவர்களுடைய சட்டத்தையே மீறியதாகும் என்றார்.

அம்மா கவனமாகக் கேட்டார். "அப்ப அவை என்ன செய்தவை?"

"சிலர் சொன்னவை அம்மா. சிலர் கடைசிவரைக்கும் சொல்லேல்லை."

"பாவங்கள்," என்றார் அம்மா. தனக்குத் தெரிந்த அயல் வீட்டாரைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

உள்ளே இருந்த அதிகாரி கெட்டவர் அல்ல. களைத்துப்போன மனிதர். யாரோ நல்லெண்ணத்தில் என் கதையையும் ஆட்சேபணையோடு இணைத்துக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்து மேசையில் வைத்தார். "வாசிச்சனான், ரீச்சர். பகிடிக்குச் சொல்லேல்லை, கண் கலங்கிப்போச்சு." பிறகு பைலிலிருந்து இன்னொன்றை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் சம்மதப் பத்திரம். "இதுவும் நீங்கள் எழுதினதுதானே? ரெண்டில எது கதை?"

அம்மா எழுந்தார். இப்போதைய பங்குச் சுவாமியும் உபதேசியாரும் ஊர்ச் சனமும் பார்த்திருக்க, "பத்திரத்தில சொன்னது பொய். நான்தான் சொன்னனான்," என்றார். "அங்க என்ர மகன் கிடக்கிறான்."

அதிகாரி பேனையை எடுத்தார். "பேர் என்னம்மா?"

"வைக்கேல்லை."

"பிறப்புப் பத்திரம்? இறப்புப் பத்திரம்?"

"இல்லை."

"சேமக்காலைப் புத்தகத்திலயாவது?"

இளம் பங்குச் சுவாமி தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மீண்டும், "இல்லை," என்றார். அதிகாரி பெருமூச்சு விட்டு எதையோ எழுதினார். எங்கள் காணியைப் பற்றிய முடிவு அன்றைக்கு வரவில்லை. இதை எழுதும்வரை வரவும் இல்லை.

வெளியே வந்ததும் அம்மா என்னிடம், "முதல் தரம் உண்மையைச் சொல்லி அவனைக் கைவிட்டன். பிறகு பொய்யைச் சொல்லிக் கைவிட்டன். இண்டைக்குத் திரும்பவும் உண்மையைச் சொன்னன்," என்றார். நாங்கள் பஸ்ஸுக்கு நடக்கும்போது இளம் சுவாமி பின்னால் ஓடி வந்தார்.

"அம்மா, அந்த நாளையச் சட்டம் இப்ப இல்லை. அந்தப் பிள்ளையைக் கடவுளின்ர கையில ஒப்படைக்கச் செபம் இருக்கு. ஆத்துமாக்கள் தினத்துக்கு நான் உங்கட காணிக்கே வாறன். இடத்தை மட்டும் காட்டுங்கோ, தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சு விடுறன்."

அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டார். கழுதை ஒன்று குறுக்கே வந்து நின்றது, பஸ்காரன் ஹோர்ன் அடித்தான், அம்மா அசையவில்லை. "சேமக்காலைக்குள்ள கிடக்கிற ஆக்களுக்குச் செய்யிற மாதிரியோ, சுவாமி?"

"ஓம் அம்மா. அதே மாதிரித்தான்."

அன்றிலிருந்து அம்மா வேறு ஆள். புதுச் சீலை ஒன்று வாங்கித் தரச் சொன்னார். மெழுகுதிரி எடுத்து வைத்தார். இத்தனை வருடம் ஆத்துமாக்கள் தினத்தில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, யாரும் காணாமல் போத்தலோடு காணிக்கு நடந்தவர். இம்முறை கூடவே சுவாமி வருகிறார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு குசினியில் இருந்து அந்த இலக்கத்தைத் தனக்குள் சொல்லிக்கொள்வதை ஒருநாள் கேட்டேன். செபம் சொல்வது போல இருந்தது. இடையில் காய்ச்சலில் சில நாள் படுத்துவிட்டார். காணிப் பக்கம் போகவில்லை. மழையும் தொடங்கிவிட்டது.

ஆத்துமாக்கள் தினத்தன்று காலை மழை விட்டிருந்தது. சுவாமி தீர்த்தச் செம்போடு வந்தார், உபதேசியாரும் வந்தார். அம்மாவின் கையில் போத்தல். காணிக்குள் இறங்கியதும் அம்மா நின்றார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு சிவப்புத் துணி இல்லை. ஒரு கட்டை இல்லை. மழையும் காற்றும் தடவிவிட்ட மணல் மட்டும் கிடந்தது.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த பொடியன்கள் எங்களைக் கண்டு ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். முகமெல்லாம் சிரிப்பு.

"ரீச்சர், கண்டனீங்களோ? எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டம். ஒண்டும் மிச்சமில்லை."

"கட்டைகள் எங்கை?" என்றேன்.

"கடலிலதான். உங்கட கதையில வாற மாதிரியே எறிஞ்சனாங்கள்."

அவனைத் திட்ட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஊருக்காகச் செய்தான், நான் எழுதியதை நம்பிச் செய்தான். என் அம்மா அந்தக் கட்டையைப் பிடுங்கவில்லை, அதற்குத் தண்ணீர் ஊற்றினார் என்பதை நான் எந்தக் கதையிலும் எழுதவில்லை.

"இடத்தைக் காட்டுங்கோ அம்மா," என்றார் சுவாமி மெதுவாக.

அம்மா நடந்தார். ஓரிடத்தில் நின்றார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். காலால் மணலைத் தடவினார். காணி வேலியிலிருந்து அடி எண்ணிப் பார்த்தார், கடலிலிருந்து அடி எண்ணிப் பார்த்தார். ஒரு பற்றையைச் சுற்றி வந்தார். புதுச் சீலை முழுக்க முள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். வெயில் ஏறும்வரை தேடினார். பிறகு நின்ற இடத்திலேயே நின்றார்.

"தெரியேல்லை, சுவாமி."

"பறவாயில்லை அம்மா. காணி முழுக்கத் தெளிக்கிறன். கடவுளுக்கு இடம் தெரியும்." அவர் செபித்துக்கொண்டே எல்லைக்கு எல்லை நடந்து தீர்த்தம் தெளித்தார். பொடியன்களும் ஏதோ விளங்கித் தலை குனிந்து நின்றார்கள். அம்மா எல்லோருக்கும் நன்றி சொன்னார். மெழுகுதிரியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். வீட்டுப் படலையடியில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ ஏன் பிள்ளை கதையில அந்தக் கட்டையைக் கடலில எறிவிச்சனி?"

"கதை நல்லா வரும் எண்டு அம்மா."

"ம்," என்றார்.

குசினிக்குள் போனார். போத்தல் நிறையத் தண்ணீர், ஒரு துளி குறையாமல். என் வாழ்நாளில் அந்தக் காணியிலிருந்து அது நிறைந்து வந்ததை நான் கண்டதில்லை. அம்மா மூடியைத் திறந்து அதைக் குடத்துக்குள் ஊற்றினார். எங்கள் வீட்டுக் குடம் எப்போதும் போல நிறைந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் முழுவதும் வழிந்து தரையில் ஓடியது. போத்தல் முடியும்வரை அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.